செய்தியும் திருத்தணும், பக்கமும் போடணும்: நாளிதழ் உதவி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பு அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்கிறவர் ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலைகளில் சேர்கிறார். நிருபர்கள் அனுப்பும் மேட்டரைத் திருத்தித் தலைப்பு வைப்பது ஒன்று. அதை வைத்துப் பக்கம் போட்டு, சொன்ன நேரத்துக்கு அச்சுக்கு அனுப்புவது இன்னொன்று. சில அலுவலகங்களில் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் தனியாக இருப்பார், நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆள் குறைந்த இடங்களில் இன்டிசைன், குவார்க் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை நீங்களே திறக்க வேண்டியதுதான்.

முன்பு இவை வெவ்வேறு ஆட்களின் வேலையாக இருந்தன. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்காக 1955-ல் வந்த சட்டம் உதவி ஆசிரியரையும் பிழை திருத்துநரையும் தனித்தனிப் பணிகளாகவே குறிப்பிட்டது. ஈய எழுத்துக் காலத்தில் பக்கம் கட்டியவர்கள் அச்சுக்கோப்பாளர்கள். 1985-ல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வந்த பிறகு உலகம் முழுக்க இந்த வேலைகள் ஒவ்வொன்றாக ஒரே கணினிக்குள் இறங்கின. கடைசியில் அந்தக் கணினிக்கு முன்னால் இருந்தவர் தலையில் எல்லாம் விழுந்தன. 2017-ல் நியூயார்க் டைம்ஸ் தன் தனி காப்பி டெஸ்க்கையே (செய்தி திருத்தும் பிரிவு) கலைத்தது. ஊழியர்கள் வெளிநடப்பு செய்து எதிர்த்தும் முடிவு மாறவில்லை. அப்பேர்ப்பட்ட இடத்திலேயே அப்படியென்றால் மாவட்டப் பதிப்பில் தனித்தனி ஆட்களை எதிர்பார்ப்பது வீண்.

ஒருவரே இரண்டையும் செய்யும்போது எது தோற்கும்? திருத்தம்தான். பக்கம் கண்ணுக்குத் தெரியும். வெள்ளை இடம் இருந்தால் தெரியும், படம் கோணலாக இருந்தால் தெரியும், செய்தி ஆசிரியர் பின்னால் வந்து நின்றாலும் அதைத்தான் பார்ப்பார். ஆலங்குடி எந்த மாவட்டத்து ஆலங்குடி என்பது திரையில் தெரியாது, மறுநாள் காலை வாசகர் போன் செய்யும்போதுதான் தெரியும். அதனால் விட்டால் நேரம் தானாகவே பக்கத்தின் பக்கம் ஓடும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்த ஓட்டத்தைத் தடுப்பதற்காகத்தான். ஒரு பக்கத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல், முடிந்தால் 60 சதவீதம், திருத்தத்துக்குப் போக வேண்டும். கடைசி 10 முதல் 15 சதவீதம் பிரின்ட் அவுட் படிக்க. மீதிதான் பக்கத்துக்கு.

படி 1: முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். முழு அளவு நாளிதழின் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 52 செ.மீ. உயரம். 8 காலம் (பக்கத்தின் செங்குத்துப் பத்தி) என்று வைத்தால் மொத்தம் 416 காலம்-சென்டிமீட்டர், அதாவது ஒரு காலம் அகலத்தில் 416 செ.மீ. உயரம். விளம்பரப் பிரிவிலிருந்து வரும் டம்மியில் (விளம்பர இடங்களைக் குறித்த மாதிரிப் பக்கம்) அரைப் பக்கம் போய்விட்டால் மீதி 208. அதில் தலைப்புகள், படங்கள், இடைவெளிகள் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மேட்டருக்குச் சுமார் 139 கிடைக்கும்.

9.5 பாயின்ட் எழுத்து, 11.5 பாயின்ட் வரி இடைவெளி என்றால், சிங்கிள் காலத்தில் ஒரு வரிக்கு இரண்டு அல்லது மூன்று தமிழ்ச் சொற்கள்தான் நிற்கும். 100 சொற்களுக்கு 16 செ.மீ. ஆகும். ஆக அந்த அரைப் பக்கத்துக்குத் தேவை சுமார் 850 சொற்கள். உங்கள் பத்திரிகையின் எழுத்துருவில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். 100 சொற்களை எண்ணி ஒரு காலத்தில் ஓடவிட்டு அளந்து, அந்த எண்ணை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு தெரியாதவர் நிருபர்கள் அனுப்பிய 3,000 சொற்களையும் உட்கார்ந்து திருத்துவார். அதில் இரண்டாயிரத்துக்கு மேல் குப்பைக்குப் போகும். நேரம் போவது இங்கேதான், லே-அவுட்டில் அல்ல.

படி 2: பட்டியலும் பென்சில் படமும்

வந்திருக்கும் செய்திகளை ஒரு தடவை மேலோட்டமாகப் படித்து, லீட் (பக்கத்தின் முதன்மைச் செய்தி), செகண்ட் லீட், பாக்ஸ் (கட்டச் செய்தி), சிங்கிள்கள் (ஒரு காலச் செய்திகள்) என்று தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சொல் எண்ணிக்கை. அப்புறம் ஒரு ஏ4 தாளை மடித்து பென்சிலால் பக்கத்தைக் கட்டம் கட்டிவிடுங்கள். விளம்பரம் கீழிருந்து மேலே ஏறும், படம் லீடோடு போகும், ஒரே அளவுத் தலைப்புகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் இதில் உட்காராதீர்கள்.

லீட் ஆகப்போகும் செய்தி இன்னும் வந்திருக்காது. நிருபர் "அரை மணி நேரத்துல வந்துடும் சார்" என்று சொல்லியிருப்பார். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். டிராஃபிக், மழை, கைது, பேச்சுவார்த்தை என எதனாலும் அது வராமல் போகலாம்.

படி 3: பக்கத்துக்கு வெளியே திருத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டரைப் பக்கத்தில் ஊற்றிவிட்டு அங்கேயே திருத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும்போது கண் வாக்கியத்தைப் பார்க்காது, வரி தள்ளுகிறதா என்று பார்க்கும். "நான்கு வரி குறைய வேண்டும்" என்ற ஒரே நோக்கத்தில் எந்த நான்கு வரி எளிதாகப் போகுமோ அதை வெட்டும். அது சில நேரம் செய்தியின் உயிராக இருக்கும். நோட்பேடோ, வேர்டோ, அலுவலகத்தின் சொந்த மென்பொருளோ, ஏதாவது ஒன்றில் வெறும் எழுத்தாகத் திருத்தி முடித்த பிறகே பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

எதைப் பார்ப்பது? தமிழ் டெஸ்க்கில் மேட்டர் மூன்று வழியாக வருகிறது, மூன்றுக்கும் நோய் வேறு வேறு.

நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டர் பெரும்பாலும் போனில் பேசிப் பதிவானது. அதில் ல, ள, ழ, ர, ற, ன, ண எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. கரை, கறை ஆகும். பள்ளி, பல்லி ஆகும். சொல்திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். ஆட்களின் பெயரும் ஊர்ப்பெயரும் இன்னும் மோசம். அவற்றை நிருபரிடமே கேளுங்கள்.

இரண்டாவது, பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்தி. இதை நீங்களே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். இதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 300 சொல் ஆங்கிலச் செய்தியை முழுதாக மொழிபெயர்த்துவிட்டுப் பாதியை வெட்டுகிறவர்கள் உண்டு. எத்தனை சொல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, ஆங்கிலத்திலேயே வேண்டாத பாராக்களை அடித்துவிட்டு, மீதியை மட்டும் தமிழாக்குங்கள். மில்லியனை லட்சமாக்கும்போது ஒரு சைபரை விரல் விட்டு எண்ணுவது கேவலம் இல்லை.

மூன்றாவது, அரசுச் செய்திக்குறிப்பு. இதில் பிழை குறைவு, கொழுப்பு அதிகம். மேடையில் இருந்தவர்கள் பட்டியல் பாதி இடத்தை அடைக்கும்.

எல்லா மேட்டருக்கும் பொதுவாகப் பார்க்க வேண்டியவை: நிருபர் எழுதும் "இன்று" நாளிதழில் "நேற்று" ஆக வேண்டும், "நாளை" என்பது "இன்று" ஆக வேண்டும். பெயருக்கு முன் வரும் இனிஷியல், வயது, ஊர். திருப்பத்தூர் என்றால் 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டமா, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊரா? ஆலங்குடி என்றால் புதுக்கோட்டையா, குருபகவான் கோயில் இருக்கும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியா? அப்புறம் கூட்டல். இன்ட்ரோவில் (செய்தியின் முதல் பாரா) 7 பேர் என்று இருக்கும், கீழே பெயர்களை எண்ணினால் 6 வரும்.

சுருக்கம் தமிழில் எளிது, ஏனென்றால் நம் செய்தி நடையில் காற்று நிறைய. "இச்சம்பவம் தொடர்பாக வழக்குப் பதிவு செய்த போலீஸார் தீவிர விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்" என்பதை "போலீஸார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்" என்று எழுதினால் செய்தி எதுவும் குறையவில்லை, இரண்டு வரி மிச்சம். "என்பது குறிப்பிடத்தக்கது" எங்கே வந்தாலும் எடுத்துவிடலாம். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே எழுதியிருக்கிறோம். "மேலும் அவர் கூறும்போது", "இதனைத் தொடர்ந்து", "உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்" எல்லாம் அதே ரகம். இவற்றை மட்டும் தட்டினாலே பத்தில் ஒரு பங்கு குறையும்.

திருத்தி முடிக்கும்போது ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் வெட்டக்கூடிய பாரா எது, எந்தச் சூழலிலும் வெட்டக் கூடாத வரி எது என்று குறியிட்டு வையுங்கள். இரவு 9 மணிக்குப் புதிதாக ஒரு விளம்பரம் ஏறினால் யோசிக்காமல் வெட்டலாம். தற்கொலைச் செய்திகளில் வரும் 104 உதவி எண் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும், முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

படி 4: எழுத்துரு மாற்றம் என்ற கண்ணிவெடி

நிருபர் அனுப்புவது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை. பக்கத்தில் இருப்பது பல அலுவலகங்களில் இன்னும் பழைய முறை எழுத்துரு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றி இருக்கும். 1999 தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துருத் தரங்கள் முடிவாயின. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் பத்திரிகைகளின் பழைய எழுத்துருக்களில் அழகானவை நிறைய இருப்பதால் யாரும் அவற்றை விடுவதாக இல்லை.

மாற்றியபின் கண் போக வேண்டிய இடங்கள் சில உண்டு. பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உட்கார்ந்திருக்கும் என்பதால், மேட்டரில் இருந்த இணைய முகவரியும் மின்னஞ்சலும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறி நிற்கும். மேற்கோள் குறிகள் காணாமல் போகும். "ஔவையார்" சில நேரம் "ஒளவையார்" ஆகும், அதாவது ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும். துணைக்காலுக்குப் பதில் "ர" தட்டிய சொற்களும் அப்படித்தான், கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது.

யூனிகோடிலேயே பக்கம் போடும் இடத்தில் இன்டிசைனின் வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாரா ஸ்டைலில் ஒருமுறை இதைப் போட்டு வைத்தால் தினமும் மெனக்கெட வேண்டாம்.

படி 5: இப்போது பக்கம்

திருத்தம் சரியாக முடிந்திருந்தால் பக்கம் போடுவது வேகமாக நடக்கும். இங்கே மிச்சமாகும் நேரம் எல்லாம் முன்கூட்டியே செய்த ஏற்பாடுகளிலிருந்து வருவது: பெயர் வைத்த பாரா ஸ்டைல்கள், லைப்ரரியில் தயார் நிலையில் பாக்ஸ், பேனல், படவிளக்கக் கட்டம், சில விசைச் சுருக்கங்கள். தினமும் பாக்ஸுக்குப் புதிதாக நிறம் தேடுகிறவர் டிசைன் செய்யவில்லை, பொழுது போக்குகிறார்.

தமிழுக்கென்று சில சங்கடங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பத்திரிகைக்கான டிசைன் பாடங்களில் இவை வராது.

நம் சொற்கள் நீளம். 4 செ.மீ. காலத்தில் "ஒருங்கிணைப்பாளர்" ஒரு வரியை முக்கால்வாசி அடைத்துவிடும். இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இதற்கு எழுத்துகளை இழுப்பதோ நெருக்குவதோ மருந்து இல்லை. வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றுங்கள். மாவட்ட ஆட்சித் தலைவர் "ஆட்சியர்" ஆனாலே அந்த வரி சரியாகிவிடும். இந்த இடத்தில்தான் திருத்தம் தெரிந்தவர் பக்கம் போடுவதன் பலன் தெரியும். வெறும் ஆர்ட்டிஸ்டுக்கு அந்த உரிமை கிடையாது, அவர் நெருக்கத்தான் முடியும்.

வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. பழைய எழுத்துருக்களில் கொம்பு ஒரு வரியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழுவது உண்டு, ஏனென்றால் மென்பொருளுக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். "ரூ." ஒரு வரி, "5 கோடி" அடுத்த வரி என்று பிரியாமல் இருக்க நடுவில் உடையா இடைவெளி போடுங்கள்.

தலைப்புகளில் வரி இடைவெளியைக் குறைக்கும்போது முதல் வரியின் "கு", "சூ" வால் இரண்டாம் வரியின் புள்ளியிலோ "கீ" சுழியிலோ இடிக்கும். திரையில் சின்னதாகப் பார்த்தால் தெரியாது, 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகுதான், ஆனால் நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சிப் பரப்பும் தாள். சின்ன எழுத்தில் புள்ளிகள் அடைத்துப் போகும், "ன்" எது "ன" எது என்று தெரியாமல் போகும். 12 பாயின்ட்டுக்குக் கீழே நான் அதைச் செய்யவே மாட்டேன், அதுவும் நான்கு நிறப் பின்னணியில் நிச்சயமாக மாட்டேன்.

மேட்டர் எழுத்து கருப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். வேர்டிலிருந்து ஒட்டிய எழுத்து சில நேரம் நான்கு மையும் கலந்த கருப்பாக வரும். அச்சில் தகடு இம்மி விலகினாலும் எழுத்து இரண்டாகத் தெரியும். படங்கள் ஆர்.ஜி.பி.யில் (திரைக்கான நிறமுறை) இருந்தால் சி.எம்.ஒய்.கே.வுக்கு (அச்சுக்கான நான்கு மை முறை) மாற்றுங்கள், 200 டி.பி.ஐ. நாளிதழுக்குப் போதும். படத்தை அழகுபடுத்துவதில் இதற்கு மேல் நேரம் செலவிடாதீர்கள்.

வழிந்துபோன மேட்டருக்குக் கட்டத்தின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி காட்டும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் செய்தி பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். வழிந்தால் முன்பே குறித்த பாராவை வெட்டுங்கள். அதற்காகத்தான் குறித்தோம்.

படி 6: தலைப்பு

தலைப்பை, மேட்டரைத் திருத்தும்போது ஒரு முறை, பக்கத்தில் இடம் தெரிந்த பிறகு ஒரு முறை என இரண்டு தடவை எழுத வேண்டும். முதல் தடவை எழுதுவது பொருளுக்காக, இரண்டாம் தடவை அளவுக்காக. பலர் முதலாவதைத் தவிர்த்துவிட்டு நேராக இடத்துக்குத் தலைப்பு செய்கிறார்கள். அப்போது இடம் கேட்கும் சொல் செய்தி கேட்காத சொல்லாக அமைந்துவிடும்.

தலைப்பு நுழையவில்லை என்றால் அகலத்தை 95 சதவீதம் வரை நெருக்கலாம். அதற்கு மேல் நெருக்கினால் எழுத்து மூச்சுத் திணறும். ஒற்றெழுத்தை எடுத்து இடம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது கூடாது. "யானைத் தந்தம் பறிமுதல்" என்பதில் த்-ஐ எடுத்தால் மிச்சமாவது அரை எழுத்து, போவது இலக்கணம். சொல்லை மாற்றுங்கள். "அரசுப் பேருந்து கவிழ்ந்த விபத்தில் 12 பேர் படுகாயம்" டபுள் காலத்தில் நிற்காவிட்டால் "பேருந்து கவிழ்ந்து 12 பேர் காயம்" நிற்கும். ஆனால் படுகாயத்தைக் காயமாக்கியது சரிதானா என்று மேட்டரைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரண்டு வரித் தலைப்பு எங்கே உடைகிறது என்பதும் திருத்த வேலைதான். "வரி உயர்வு" என்று முதல் வரியும், "இல்லை: ஆணையர் உறுதி" என்று இரண்டாம் வரியும் அமைந்தால், கடையில் தொங்கும் பேப்பரை நடந்துகொண்டே பார்ப்பவர் முதல் வரியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

படி 7: படமும் படவிளக்கமும்

படவிளக்கம் கடைசியில் எழுதப்படுவது, அதனால் யாரும் திருத்தாமல் அச்சுக்குப் போவது. பெயர்கள் மேட்டரில் ஒரு மாதிரியும் படத்துக்குக் கீழே வேறு மாதிரியும் இருப்பது இதனால்தான். இடமிருந்து வலமாகப் பெயர் எழுதியபின் படத்தின் ஓரத்தை வெட்டினால் ஒரு பெயர் அனாதையாகும். முகம் உள்ளே பார்க்க வேண்டும் என்று படத்தைத் திருப்பிப் போடுவது பெரிய தப்பு. கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறும், இடக்கைக்காரர் வலக்கைக்காரர் ஆவார், வரிசையும் மாறும்.

சட்டச் சிக்கல் அதிகம் வருவதும் இங்கேதான். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவு தடுக்கிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவு. மேட்டரில் பெயரை எடுத்திருப்பார்கள். ஆனால் படத்தில் பள்ளியின் பெயர்ப்பலகை இருக்கும், பாக்ஸில் தந்தையின் தொழிலும் தெருவும் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேட்டரை ஒருவரும் பக்கத்தை வேறொருவரும் பார்த்தால் இது தப்பிவிடும். இரண்டையும் நீங்களே செய்வதால் உங்களுக்கு இதைப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

தற்கொலைச் செய்தியில் இடமே ஒரு திருத்தம். பிரஸ் கவுன்சில் 2019-ல் ஏற்றுக்கொண்ட நெறிகள் அதைப் பக்கத்தில் முன்னிறுத்தக் கூடாது, தலைப்பில் விதத்தைச் சொல்லக் கூடாது என்கின்றன. வேறு நல்ல லீட் இல்லை என்பது காரணம் ஆகாது.

படி 8: விளம்பரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

டம்மியில் விளம்பரத்தின் அளவு மட்டும்தான் இருக்கும், என்ன விளம்பரம் என்பது இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே செயின் பறிப்புச் செய்தி, கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்தில் சிரிப்புத் துணுக்கு, இதெல்லாம் வேண்டுமென்று யாரும் வைப்பதில்லை, இரண்டு பேர் இரண்டு நேரத்தில் தனித்தனியாக வைத்தது. விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்தாகலாம் என்பதால் முன்பே திருத்திய ஃபில்லர்கள் (இடம் நிரப்பும் சின்னச் செய்திகள்) இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். திருத்தாத ஃபில்லரை அவசரத்தில் போடுவதைவிட நிறுவனத்தின் சொந்த விளம்பரத்தைப் போடுவது நல்லது.

படி 9: பிரின்ட் அவுட்

திரையில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் ஏ3 தாளில் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். இதற்கு ஒதுக்கிய நேரத்தைத்தான் எல்லோரும் கடைசியில் படத்தை நகர்த்தப் பயன்படுத்துகிறார்கள். படிக்கும் வரிசை மேட்டரில் தொடங்கக் கூடாது. முதலில் பக்கத்தின் நெற்றியில் இருக்கும் தேதி, கிழமை, பக்க எண். நேற்றைய ஃபைலைத் திறந்து இன்றைய பக்கம் போட்டிருப்பீர்கள், நேற்றைய தேதி அப்படியே இருக்கும். அடுத்து பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு: லீட் தலைப்பு, ஸ்ட்ராப் (துணைத் தலைப்பு), படவிளக்கம், பாக்ஸ் தலைப்பு, "தொடர்ச்சி 6-ம் பக்கம்" என்றால் 6-ல் அது உண்மையில் இருக்கிறதா. எங்காவது "தலைப்பு தலைப்பு" என்று நீங்கள் இடம் பிடிக்கத் தட்டியது நிற்கிறதா. மேட்டரை மட்டும் கடைசியாக, வேறொருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதிர் மேசைக்காரர் பக்கத்தை நீங்கள் படித்துக் கொடுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

படி 10: பதிப்பு மாறும்போது

வெளியூர்ப் பதிப்பு போன பிறகு இறந்தவர் எண்ணிக்கை 3-லிருந்து 4 ஆகும். மாற்ற வேண்டிய இடங்கள் எத்தனை? தலைப்பு, ஸ்ட்ராப், இன்ட்ரோ, பாக்ஸ், படவிளக்கம், முதல் பக்கத்துச் சுட்டி. ஒவ்வொரு பெரிய செய்திக்கும் எண் எங்கெங்கே வருகிறது என்று பென்சில் தாளிலேயே எழுதி வைத்தால் 11 மணிக்குத் தேட வேண்டாம்.

இன்னொரு நடைமுறை விஷயம். வண்ணப் பக்கத்துக்கு, ஒரு மைக்கு ஒன்றாக, நான்கு அச்சுத் தகடுகள். மாறக்கூடிய எழுத்து எல்லாம் கருப்பு மையில் மட்டும் இருந்தால் ஒரு தகடு மாற்றினால் போதும். எண்ணிக்கையைச் சிவப்பில் போட்டு வைத்தால் கூடுதல் தகடுகள் மாற வேண்டும், அச்சகத்துக்காரர் "காலையில பாத்துக்கலாம் சார்" என்று சொல்லும் வாய்ப்பும் கூடும்.

ஆர்ட்டிஸ்டோடு வேலை செய்யும்போது

தனி ஆர்ட்டிஸ்ட் இருந்தால் பாதிச் சுமை குறையும் என்று நினைப்பீர்கள். துண்டு துண்டாக மேட்டர் கொடுத்தால் குறையாது. திருத்திய மேட்டர், தலைப்பு, படம், படவிளக்கம் எல்லாவற்றையும் பென்சில் படத்தோடு ஒரே தடவையில் கொடுத்துவிட்டு, அவர் போடும் நேரத்தில் அடுத்த பக்கத்தைத் திருத்துங்கள். அவர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். எல்லை மட்டும் தெளிவாக இருக்கட்டும்:

"அண்ணே, அந்த டபுள் காலத்துல நாலு வரி தள்ளுது. கொஞ்சம் டைட் பண்ணிடவா?"

"வேண்டாம் தம்பி. நாலு வரியும் நான் வெட்டித் தர்றேன். நீ எழுத்துல கை வைக்காதே."

எழுத்தை வெட்டுவது உங்கள் வேலை, கட்டத்தை நகர்த்துவது அவர் வேலை. படத்தை எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னால் கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

வேலைக்குப் போகும்போது

நேர்முகத் தேர்வில் பொதுவாக ஒரு ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கவும், பிழையுள்ள மேட்டரைத் திருத்தவும், தலைப்பு வைக்கவும் சொல்வார்கள். பயிற்சிக்கு ஒரு அரசுச் செய்திக்குறிப்பை எடுத்து 200, 100, 50 சொற்களாகத் தனித்தனியே சுருக்கிப் பாருங்கள். பிறகு நேற்றைய நாளிதழின் ஒரு பக்கத்தை எடுத்து அதே மேட்டரை வேறு வடிவத்தில் போடுங்கள். காட்டுவதற்குக் கொண்டுபோகும்போது வெறும் பக்கத்தைக் காட்டாமல், வந்த மேட்டரையும் நீங்கள் திருத்தியதையும் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: ஒரு ஷிப்ட்டில் எத்தனை பக்கம், மொழிபெயர்ப்பும் அதில் சேருமா, பக்கத்தை அனுப்பும் நேரம் என்ன, அனுப்புவதற்கு முன் இரண்டாவது ஆள் படிப்பாரா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், ஒரு ஷிப்ட்டில் இரண்டு பக்கத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லே-அவுட் வேகமாகப் போடுகிறவருக்கு மேலும் மேலும் லே-அவுட் வரும். ஆறு மாதத்தில் அவர் திருத்துவதே இல்லை என்ற நிலை வந்துவிடும், சம்பளப் பட்டியலில் மட்டும் உதவி ஆசிரியர். அப்படி நடப்பது தெரிந்தால் செய்தி ஆசிரியரிடம் வாரத்தில் இரண்டு நாள் முழுத் திருத்த ஷிப்ட் கேளுங்கள். அதைத் தேர்தல் நேரத்திலோ மழை வெள்ளத்திலோ கேட்காதீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பக்கங்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கேட்டால் கிடைக்கும்.